பதில் இல்லை என்று முடிக்கப்பட்டவை

இணைய மன்றத்தில் அவளுக்குப் பெயர் குழாயடி. பெற்றோர் வைத்த பெயர் வேறு; அது சம்பளப் பட்டியலிலும் அடையாள அட்டையிலும் பத்திரமாக இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் மன்றத்தில் சேர்ந்தபோது, என்ன பெயரில் அழைக்கட்டும் என்று திரை கேட்டது. அன்று காலையில்தான் தெருக்குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் வாளியால் மாறி மாறி அடித்துக்கொண்ட புகாரை அவள் பதிவு செய்திருந்தாள். கை தானாக அதையே தட்டிவிட்டது. மறுநாள் மாற்றலாம் என்று பார்த்தால், அதற்குள் நாலு பேர் 'குழாயடி அக்கா' என்று உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் எழுத்தராகப் பத்தொன்பது வருஷம். தரைத்தளத்தில் இரண்டு ஜன்னல் உள்ள அறை. ஒரு ஜன்னலில் அவள், இன்னொன்றில் பக்கத்து எழுத்தர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி, நடுவில் கால் ஆடும் ஒரு மேஜை. தண்ணீர் வரவில்லை, வருகிறது ஆனால் நாறுகிறது, நாறவில்லை ஆனால் நிற்கவே மாட்டேன் என்கிறது. இந்த மூன்றைத் தாண்டி நாலாவது புகார் வந்தால் அவளுக்கு அன்றைக்குத் திருவிழா மாதிரி.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள்தான். படிப்பு ஒரு பக்கம் போனது, வேலை ஒரு பக்கம் வந்தது. ஆனால் கை சும்மா இருக்குமா? ஆபீஸில் புகார்களை வரிசைப்படுத்த ஒரு சின்னப் புரோகிராம் எழுதப் போய், அதில் மாட்டிக்கொண்டு முழித்து, சந்தேகம் கேட்கத்தான் மன்றத்துக்கு வந்தாள். புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டு, பதில் சொல்லிக்கொள்ளும் இடம் அது. அந்த மன்றத்தை நடத்துகிற புரோகிராமும் யாருடைய பெட்டியிலும் பூட்டிக் கிடக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். குறை கண்டால் புகார் எழுதலாம். தெரிந்தால் தானே திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் பார்த்து, சரி என்றால் சேர்த்துக்கொள்வார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, போக்குவரத்துப் படியும் கிடையாது. அப்படியும் உலகத்தில் ஆள் வருகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

அவள் ஆபீஸ் முடிந்து வந்து, ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை சமையலறை மேஜையில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்ப்பாள். கணவர் பேருந்து ஓட்டுநர். காலை ஷிப்ட் முடித்து அந்த நேரத்துக்கு வீட்டில் இருப்பார். ஆபீஸிலும் புகார், வீட்டுக்கு வந்தும் புகார், உனக்கு அலுக்கவே அலுக்காதா என்பார். நீங்க லீவு நாள்ல பஸ்ல ஊர் சுத்தறதில்லையா என்று அவள் திருப்பிக் கேட்பாள். அவர் வெங்காயம் நறுக்கப் போய்விடுவார்.

மன்றத்துக்கு அவள் செய்துகொடுத்த முதல் பெரிய வேலை, மூடும் புரோகிராம். அப்போது ஆயிரத்து நானூறு பிழைப் புகார்கள் குவிந்து கிடந்தன. பாதிக்கு மேல் ஜீவன் இல்லாதவை. எழுதியவர் எங்கே போனார், பிழை இருக்கிறதா போனதா, ஒன்றும் தெரியாது. அவளுக்கு இது பழகிய பாடம். ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. புகார் வந்து ஏழு நாள் ஆனதும் புகார்தாரருக்குப் போன் செய்து, தண்ணீர் வருகிறதா என்று கேட்க வேண்டும். மூன்று தடவை எடுக்கவில்லை என்றால் 'புகார்தாரரிடமிருந்து பதில் இல்லை' என்று எழுதி முடித்துவிடலாம். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் துடைத்துவைத்த தட்டு போல இருக்கும். கண்காணிப்பாளர் முகமும் அப்படியே மலரும்.

அதையே புரோகிராமாக எழுதிவிட்டாள். ஒரு புகாரில் முப்பது நாள் அசைவு இல்லை என்றால், அதன் அடியில் தானாக ஒரு கேள்வி விழும்: இந்தப் பிழை இன்னும் இருக்கிறதா, பதினான்கு நாளில் பதில் எழுதவும். எழுதவில்லை என்றால் அதே ஆபீஸ் வாசகத்தைப் போட்டுத் தானாக மூடிவிடும். மூன்றே மாதத்தில் ஆயிரத்து நானூறு இருநூறாக இறங்கியது. மன்றத்தில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஆபீஸில் ஒருவர்கூட நல்லா செஞ்சே என்று சொன்னதில்லை. அந்தப் பாராட்டை அவள் எத்தனை தடவை திரும்பத் திரும்பப் படித்தாள் என்பது அவளுக்கும் அந்தச் சமையலறைக்கும்தான் தெரியும்.

இந்த வருஷம் அவளைப் பொறுப்பாளராக்கலாம் என்று பேச்சு எழுந்தது. முன்மொழிந்தவர் மரங்கொத்தி. மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அனுப்புகிற ஒவ்வொரு வரியையும் கொத்திக் கொத்திப் பார்த்துத்தான் உள்ளே விடுவார் என்பதால் அந்தப் பட்டம். பொறுப்பாளர் ஆனால் சாவி கிடைக்கும். அதாவது யாரையும் கேட்காமல் திருத்தங்களைத் தானே சேர்க்கலாம். முகப்புப் பக்கத்தில் பதினைந்து பெயர்களுக்குக் கீழே பதினாறாவதாக அவள் பெயரும் வரும். அந்தப் பதினைந்து பேரும் வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடுவார்கள், பத்து ஓட்டு வேண்டும் என்றார் மரங்கொத்தி. கிடைத்துவிடும் என்றும் சொன்னார். அவளுக்கு அது வேண்டும். வெளியில் 'அட, அதெல்லாம் எதுக்கு' என்று சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் ரொம்பவே வேண்டும்.

இப்போது பத்துவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்றத்தின் பழைய உறுப்பினர்களில் ஒருவர். கெட்டிக்காரர், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஒரு காலத்தில் அறுநூறு கேள்விகளுக்கு முறையாகப் பதில் எழுதியவர். ஒரு வருஷத்துக்குச் சற்று முன்னாலிருந்து என்ன ஆனதோ, கிறுக்குப் பிடித்த மாதிரி ஒரு பழக்கம் ஆரம்பித்தது. யாராவது கேள்வி கேட்டால் அதன் கீழே பதில் எழுத மாட்டார். புதுசாகத் தனித் தலைப்பு ஒன்றைத் தொடங்கி அதில் எழுதுவார். 'நேற்றுத் தேதிக் குழப்பம் கேட்டவருக்கு' என்று ஒன்று. 'காலையில் அழாத குறையாக எழுதியிருந்த தம்பிக்கு' என்று இன்னொன்று. பதில் பொன்னான பதில்தான். ஆனால் கேட்டவன் ஒரு மூலையில் காத்துக் கிடப்பான், பதில் வேறு மூலையில் கிடக்கும்.

இவற்றைப் பொறுக்கி உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை குழாயடியின் தலையில் விழுந்தது. விதி மீறுகிறவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் உரிமையும் அந்த வேலையோடு சேர்ந்து வந்தது. வீடு பூராவும் கழற்றிப் போட்ட சாக்ஸைப் பொறுக்குகிற எரிச்சலோடு அதைச் செய்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து எச்சரிக்கை அனுப்பினாள்: பதிலை உரிய இடத்தில் எழுதவும், ஆட்சேபம் இருந்தால் இந்தச் செய்திக்குப் பதில் எழுதவும். கிணற்றில் போட்ட கல். மறுநாளே இன்னொரு தனித் தலைப்பு. இரண்டாவது எச்சரிக்கை, அதற்கும் மூச்சு இல்லை. மனுஷனுக்கு எவ்வளவு திமிர் பாருங்க என்று கணவரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள். மூன்றாவது எச்சரிக்கை அனுப்பினால் ஆறு மாதத் தடை தானாக விழும் என்பது விதி. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள், அதையும் அனுப்பிவிட்டாள். மனசு நிம்மதியாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஓட்டு. செவ்வாய்க்கிழமை மதியம், ஆபீஸ் சாப்பாட்டு நேரம். பக்கத்து எழுத்தரின் மவுஸ் செத்துப்போய், அவசரம் என்று இவளுடையதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். வெறும் கீபோர்டு மட்டும் இருந்தது. டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, மன்றத்தில் ஒரு மாணவியின் கேள்விக்கு இரண்டு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தாள். மவுஸ் இல்லாவிட்டால் என்ன, தாவல் விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பொத்தானாகத் தாவிப் போகலாமே. தட்டினாள். கேட்டவர் பெயர், தேதி, பிடித்திருக்கிறது, பகிர், அப்புறம் நேராகப் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. நடுவில் இருக்கிற 'பதில் எழுது' பொத்தானில் நிற்கவே இல்லை. கவனக்குறைவாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி தட்டினாள். எட்டுத் தடவை தட்டினாள். எட்டுத் தடவையும் பொத்தான் அங்கே இல்லாதது போலத் தாண்டியே போனது.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. புதுப் பிழை ஒன்று கிடைத்துவிட்டதே! ஓட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது இதைவிட நல்ல சகுனம் உண்டா? உடனே புகார் எழுத நினைத்தாள். ஆனால் அவள் முறைப்படி நடக்கிறவள். இதே புகாரை யாராவது முன்பே கொடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். தேடினாள்.

ஒன்பது வந்தது. ஒன்பதும் பத்துவிரல் எழுதியவை. ஒன்பதும் மூடப்பட்டவை.

முதல் புகாரைத் திறந்தாள். பதின்மூன்று மாதத்துக்கு முந்தையது. 'எனக்குப் பார்வை கிடையாது. திரையைப் படித்துச் சொல்லும் புரோகிராமும் கீபோர்டும்தான். பக்கத்தின் தோற்றத்தை மாற்றிய நாளிலிருந்து பதில் எழுதும் பொத்தான் எனக்குக் கிடைக்கவில்லை. புதுத் தலைப்புத் தொடங்கும் பொத்தான் மட்டும் கிடைக்கிறது. சரிசெய்ய முடியுமா?' அதன் கீழே அவளுடைய புரோகிராம் போட்ட கேள்வி: இந்தப் பிழை இன்னும் இருக்கிறதா, பதினான்கு நாளில் பதில் எழுதவும். அதன் கீழே: புகார்தாரரிடமிருந்து பதில் இல்லை. முடிக்கப்பட்டது.

பதில் எழுத முடியவில்லை என்பதுதானே மனுஷனின் புகாரே! மூடிய மறுநாளே இரண்டாவது எழுதியிருந்தார். நாற்பத்து நாலு நாள் கழித்து அதுவும் மூடப்பட்டது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. ஆறாவதில் 'தயவுசெய்து' என்ற சொல் இரண்டு தடவை இருந்தது. ஒன்பதாவது ஒரே ஒரு வரி.

அவளுக்கு எச்சரிக்கைகள் நினைவுக்கு வந்தன. ஆட்சேபம் இருந்தால் பதில் எழுதவும் என்று மூன்று தடவை அனுப்பினாளே, எந்தப் பொத்தானை அழுத்தி எழுதுவார்? தனித் தலைப்பில் பதில் எழுதியது திமிரில்லை. வாசல் கதவை அடைத்துவிட்டதால் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறார். அந்த ஜன்னலையும் அடைத்துத் தாழ்ப்பாள் போட்டது அவள்தான். பக்கத்து எழுத்தர் மவுஸைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பொத்தானைத் திருத்த இருபது நிமிஷம் போதுமானதாக இருந்தது. தோற்றத்தை மாற்றியவர் அழகுக்காக ஒரு கட்டத்துக்குப் பொத்தான் மாதிரி வண்ணம் பூசி வைத்திருந்தார். அது மவுஸுக்கு மட்டும்தான் அசையும். அதை எடுத்துவிட்டு நிஜப் பொத்தானை வைத்தாள். அன்று சாயங்காலமே மரங்கொத்தி கொத்திப் பார்த்துச் சேர்த்துவிட்டு, அவளுக்குப் போன் செய்தார். நடந்தது முழுவதையும் அவள் சொன்னாள்.

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு," என்றார் கடைசியில். "பொத்தான் சரியாயிடுச்சு. அவர் தடையையும் இப்பவே நான் சத்தமில்லாம எடுத்துடறேன். வெள்ளிக்கிழமை தாண்டட்டும். அப்புறம் எல்லாருக்கும் எழுது. இப்ப எழுதினா உன் கையால நீயே உன் ஓட்டைக் குறைச்சுக்கறே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாகவும் இருந்தது. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? தடை போய்விட்டது, பொத்தான் வந்துவிட்டது. இப்படி நாலு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, கணவரிடம் போய் என்ன செய்யலாம் என்று கேட்டாள். அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"எழுதறதுன்னு நீ முடிவு பண்ணிட்டே. நான் வேண்டாம்னு சொல்லணும், அதைச் சாக்கா வச்சு நிறுத்திடலாம்னு பார்க்கறே. நான் சொல்ல மாட்டேன்."

புதன்கிழமை சாயங்காலம் எழுதினாள். பூசி மெழுகவில்லை. ஒன்பது புகார்களின் தேதிகள், ஒன்பதும் மூடப்பட்ட தேதிகள், மூடியது தான் எழுதிய புரோகிராம், மூன்று எச்சரிக்கையும் தான் அனுப்பியவை, அனுப்புவதற்கு முன்னால் அவர் எழுதிய புகார் ஒன்றையும் தான் திறந்து பார்க்கவில்லை. இவ்வளவுதான். புரோகிராமை நிறுத்திவிட்டதாகவும், மூடியவற்றை ஒவ்வொன்றாக மறுபடி படிக்கப் போவதாகவும் கடைசியில் இரண்டு வரி. பத்துவிரலின் மின்னஞ்சலை மரங்கொத்தியிடம் வாங்கி, அதே கடிதத்தையும் தன் போன் எண்ணையும் அவருக்கு அனுப்பினாள்.

மன்றம் இரண்டு நாள் கொதித்தது. இதில் அவள் தப்பு என்ன, எல்லோரும்தானே பார்க்காமல் விட்டோம் என்று சிலர். ஒருவர் மட்டும் அமைதியாக ஒரு வரி எழுதியிருந்தார்: சாவியை, மூடுவதற்கு முன்னால் பார்க்கிறவர் கையில் கொடுக்கலாம். கோபப்படலாம் என்று பார்த்தாள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. உண்மையைத்தான் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது ஓட்டு விழுந்தது. ஒன்று குறைந்தது.

அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று மரங்கொத்தி ஆறுதல் சொன்னார். பரவாயில்லை சார் என்றாள். பரவாயில்லை என்பது பொய். அன்று அவள் சமையலறையில் பாத்திரங்களைப் போட்ட சத்தத்தில் கணவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் ஒரு ஓட்டில் தோற்றிருக்க மாட்டார்கள். ஏமாற்றமாக இருந்தது, அவமானமாக இருந்தது. எல்லாவற்றையும்விட, இரண்டு நாளாகப் பத்துவிரலிடமிருந்து ஒரு வார்த்தை வராதது நெஞ்சில் முள்ளாக இருந்தது. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"குழாயடிங்களா? நான் பத்துவிரல் பேசறேன்."

நடுத்தர வயதுக் குரல். அவசரமில்லாத பேச்சு. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூன்று நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த மன்னிப்பைக் கடகடவென்று ஒப்பித்தாள். முடிந்ததும், அவள் எழுதியதை இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னார். ஒரு லாரி கம்பெனிக்குச் சம்பளக் கணக்குப் புரோகிராம் எழுதிக்கொடுப்பது தன் வேலை, இந்த வாரம் மூச்சு விட நேரமில்லை, அதனால்தான் தாமதம் என்றார். ஓட்டு விஷயமும் கேள்விப்பட்டேன் என்றார். அது கிடக்கட்டுங்க என்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணும்," என்றார். "சுத்தி வளைக்காம சொல்லுங்க. அந்த ஒன்பதுல ஒண்ணையாவது யாராவது படிச்சாங்களா?"

கேள்வி அங்கேதான் வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஒவ்வொரு புகாரின் ஓரத்திலும் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண் இருக்கும், செவ்வாய்க்கிழமை திறந்தபோதே அவள் பார்த்திருந்தாள். அதுவரை எழுதியவரைத் தவிர ஒருவரும் திறக்கவில்லை. இதை எப்படி ஒரு மனுஷனிடம் சொல்வது? பதின்மூன்று மாதம் எழுதியவரிடம், உங்களை ஒருத்தரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றா? இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள், கை ஒழியவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லீங்க," என்றாள். "ஒருத்தரும் படிக்கல. நானும் படிக்கல. எல்லாத்தையும் புரோகிராம்தான் மூடிச்சு."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடுவது கேட்டது.

"அப்படியா," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நான் என்ன நினைச்சிருந்தேன் தெரியுமா? எல்லாரும் படிக்கறீங்க, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சுதான் மூடறீங்கன்னு நினைச்சேன். ஒன்பது தடவையும் அப்படித்தான் நினைச்சேன்."

அவள் துணிக்கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், அழுகை வந்துவிட்டது. அவர் போனை வைக்கவில்லை. அவள் பேசுகிற வரைக்கும் காத்திருந்தார்.